ஐம்பது நிமிஷத்தில் நாற்பத்தொரு பேர்

அந்த வளாகத்தில் எல்லோரும் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். எந்தப் பள்ளிக்கூடத்திலும் அவள் பாடம் நடத்தியதில்லை. வேலை முடிந்து வெளியே வரும் ஆட்களைத் தரையில் போட்ட மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் வரிசையாக நிறுத்தி, "கையை நீட்டுங்க, திருப்புங்க, விரலை விரிங்க, இப்ப காலைத் தூக்குங்க" என்பாள். நகம் வெட்டியிருக்கிறதா என்று பார்க்கிற டீச்சரம்மா மாதிரியே இருக்கிறதே என்று ஒரு வெல்டர் முதல் வாரத்திலேயே சொல்லப்போக, பெயர் ஒட்டிக்கொண்டது. மேலதிகாரிகள்கூடச் சில சமயம் வாய் தவறி அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

அது ஒரு பழைய அணுமின் நிலையம். மூடிப் பதினோரு வருஷம் ஆகிவிட்டது. எரிபொருளை எல்லாம் முன்பே எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மிச்சமிருந்தது கட்டடமும், அதன் வயிற்றுக்குள் குடலைப் போல் சுருண்டு கிடந்த குழாய்களும்தான். அவற்றைத் துண்டு துண்டாக வெட்டி, துடைத்து, அளந்து, பீப்பாயில் அடைத்து வெளியேற்ற வேண்டும். கட்டுவதற்கு ஏழு வருஷம் பிடித்ததாம். பிரிப்பதற்கு இன்னும் இருபது வருஷம் ஆகும் என்றார்கள். "கட்டினவன் சம்பாதிச்சுட்டுப் போயிட்டான், நாம கூட்டிப் பெருக்குறோம்" என்று ஆட்கள் பேசிக்கொள்வார்கள்.

குழாய்க்குள் காய்ந்து கிடக்கும் தூசிதான் பிரச்சினை. பார்த்தால் சாதாரணத் துரு. மணம் கிடையாது, சூடு கிடையாது, தோலில் பட்டால் அரிப்புகூட எடுக்காது. ஆனால் அதில் கதிர்வீச்சு இருக்கும். அது யார் மேலாவது ஒட்டிக்கொண்டு வாசலைத் தாண்டிவிடக் கூடாது. அதைப் பார்ப்பதுதான் டீச்சரின் வேலை.

அதற்கு முன்பு அவள் குடிநீர் சோதனைக் கூடத்தில் பாட்டில் பாட்டிலாகத் தண்ணீரைச் சோதித்துக்கொண்டிருந்தவள். அந்தக் கூடத்தை மூடியபோது, ஆறு வாரப் பயிற்சிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு இங்கே சேர்ந்தாள். அப்போது அவளுக்கு முப்பத்தெட்டு வயது. பேக்கரி வேன் ஓட்டும் கணவருக்கு ஆரம்பத்தில் இதில் இஷ்டமில்லை. "தண்ணியில கிருமியைத் தேடினே, இப்ப மனுஷன் மேல எதையோ தேடப் போறே. எனக்கு ஒண்ணும் கொண்டு வராம இருந்தா சரி" என்றார். விளையாட்டாகச் சொன்னாலும், முதல் மாதம் முழுக்க அவள் பையைத் தொடாமல் சுற்றிக்கொண்டுதான் நடந்தார்.

வெளியேறும் அறை ஒரு நீளமான கூடம். ஒரு கோடியில் மேலுடையைக் கழற்றிப் போடும் தொட்டிகள், நடுவில் மஞ்சள் கோடு, மறுகோடியில் ஆளுயரச் சோதனைப் பெட்டி. பெட்டிக்குள் ஏறிக் கைகளை இரண்டு ஓட்டைகளில் விட்டு இருபது வினாடி நின்றால், பச்சை விளக்கோ சிவப்பு விளக்கோ எரியும். அதைத் தாண்டி வெளிவாசலில் இரண்டு தூண்கள். அவற்றின் நடுவே நடந்து போனால் போதும், ஏதாவது இருந்தால் கத்தும். இந்த இரண்டும் இருக்கும்வரை டீச்சருக்குப் பாதி வேலைதான். பெட்டி சிவப்பு காட்டியவர்களை மட்டும் கையில் பிடிக்கும் மீட்டரால் தேடிப் பார்ப்பாள்.

அந்தத் தேடலுக்கு ஒரு கணக்கு உண்டு. மீட்டரின் வாய் உடம்பிலிருந்து ஒரு விரல் தூரத்தில் இருக்க வேண்டும். பட்டுவிடவும் கூடாது, விலகிவிடவும் கூடாது. ஒரு வினாடிக்கு இரண்டு விரற்கடைக்கு மேல் நகர்த்தக் கூடாது. தலையிலிருந்து பாதம்வரை ஒருவரைச் சரியாகப் பார்க்க ஐந்து நிமிஷமாவது ஆகும். கண்ணாடி, கடிகாரம், மோதிரம், கட்டுப்பல் எதுவாக இருந்தாலும் கழற்றித் தனியாகப் பார்க்க வேண்டும்.

வரிசையில் நிற்பவர்களில் அவளுக்கு ரொம்பப் பிடித்தவர் ஸ்பீக்கர் அண்ணன். குழாய் வெட்டுகிறவர், ஐம்பத்தொரு வயது. இருபது வருஷமாக ரம்பத்தின் இரைச்சலிலேயே வேலை பார்த்ததில் வலது காது போய்விட்டது, இடது காது போய்க்கொண்டிருந்தது. வலது காதுக்குப் பின்னால் காது மெஷின் மாட்டியிருப்பார். தன் குரல் எவ்வளவு சத்தமாக இருக்கிறது என்று அவருக்கே தெரியாது. "வணக்கம் டீச்சரம்மா!" என்று அவர் சொன்னால் கண்ணாடித் தடுப்பு அதிரும். ரகசியம் பேசக் கூப்பிட்டால் வளாகமே கூடிவிடும் என்று கேலி செய்வார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

அவள் அங்கே சேர்ந்த ஆறாவது வருஷம், ஒரு புதன்கிழமை, சோதனைப் பெட்டி பழுதானது. உள்ளே இருந்த மெல்லிய படலம் கிழிந்துவிட்டது, புதிது வர நான்கு நாள் ஆகும் என்றார்கள். போதாக்குறைக்கு அந்த வாரம் பெய்த மழையில் தண்ணீர் கேபிளுக்குள் இறங்கி, வாசல் தூண்களும் படுத்துவிட்டன. அவளோடு வேலை பார்க்கும் இன்னொரு பெண் பிரசவ விடுப்பில் இருந்தாள்.

மேற்பார்வையாளரிடம் போய்க் கேட்டாள். "சார், ரெண்டும் இல்லாதப்ப உள்ளே வெட்டு வேலையை நிறுத்தணும்னுதானே இருக்கு?"

"நிறுத்தினா மேல இருக்கிறவங்களுக்கு நீங்க பதில் சொல்றீங்களா?" என்றார் அவர். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. காலையிலிருந்து போனில் யாரிடமோ வாங்கிக் கட்டிக்கொண்டு முகம் வெளிறிப்போயிருந்தது. "கையில மீட்டர் இருக்குல்ல? அதை வச்சுப் பாருங்க. நாலு நாள்தான்."

புதனும் வியாழனும் எப்படியோ ஓடின. உள்ளே ஆள் குறைவு. வெள்ளிக்கிழமை நாற்பத்தொரு பேர் இறங்கியிருந்தார்கள். நான்கு மணிக்கு வேலை முடியும், நான்கு ஐம்பதுக்குப் பஸ் கிளம்பும். ஆளுக்கு ஐந்து நிமிஷம் என்றால் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். அவளுக்குக் கிடைத்தது ஐம்பது நிமிஷம்.

"தலை, கை, கால். இது மூணையும் பாத்து விடுங்க" என்றார் மேற்பார்வையாளர். "சந்தேகம் இருந்தா மட்டும் நிறுத்துங்க."

அவள் அப்படியே செய்தாள். முதல் பத்துப் பேரை ஓரளவுக்கு நிதானமாகப் பார்த்தாள். பிறகு கை தானாக வேகமெடுத்தது. வாரக் கடைசி அவசரம் ஆட்களுக்கு. ஒருவனுக்குக் கல்யாணத்துக்குப் போக வேண்டும், இன்னொருவனுக்கு ரயிலைப் பிடிக்க வேண்டும். "டீச்சர், உயிரை வாங்காதீங்க, விடுங்க" என்று பின்னாலிருந்து குரல். கை, திருப்பு, விரி, கால், அடுத்த ஆள். தாளில் பெயருக்கு நேராக "சுத்தம்" என்று எழுதி ஒரு கையெழுத்து.

முப்பத்து மூன்றாவது ஆளாக ஸ்பீக்கர் அண்ணன் வந்து நின்றார். நெற்றியிலிருந்து உச்சி, உச்சியிலிருந்து பிடரி என்று மீட்டரை ஓட்டினாள். வலது பக்கம் வரும்போது மீட்டர் இரண்டு மூன்று முறை கூடுதலாகக் கடகடத்தது. அந்த அறையில் அது அதிசயமில்லை. அடுத்த தாழ்வாரத்தில் பீப்பாய் வண்டி போனாலே அப்படிக் கடகடக்கும். அவரது காதுக்குப் பின்னால் தோல் நிறத்தில் வளைந்திருந்த மெஷின் கண்ணில் பட்டது. கழற்றித் தரச் சொல்லிக் கையை நீட்டினாள்.

"டீச்சர், இன்னும் எட்டுப் பேர்! டிரைவர் கிளம்பிருவேன்கிறான்!" கண்ணாடிக்குப் பின்னாலிருந்து மேற்பார்வையாளர் கத்தினார்.

நீட்டிய கை ஒரு கணம் அந்தரத்தில் நின்றது. பிறகு அதே கையால் போங்கள் என்று சைகை காட்டிவிட்டாள்.

"ரொம்ப நன்றி டீச்சரம்மா! திங்கக்கிழமை பாப்போம்!" என்று அறை அதிரச் சொல்லிவிட்டு அவர் போனார். அவள் "சுத்தம்" என்று எழுதினாள். நான்கு ஐம்பத்திரண்டுக்குப் பஸ் கிளம்பியது.

சனிக்கிழமை அந்தக் கடகடப்பு ஒருமுறை நினைவுக்கு வந்தது. துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பீப்பாய் வண்டியாகத்தான் இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அடுத்த சட்டையை உதறினாள்.

திங்கட்கிழமை காலை தூண்கள் சரியாகியிருந்தன. ஆட்கள் பஸ்ஸிலிருந்து இறங்கிக் கொட்டாவி விட்டபடி அவற்றின் நடுவே நடந்து வந்தார்கள். திடீரென்று தூண்கள் அலறின. ஸ்பீக்கர் அண்ணன் நின்று, பின்னால் திரும்பிப் பார்த்து, "யாருப்பா அது?" என்று சிரித்தார். பின்னால் யாரும் இல்லை. மறுபடி நடக்கச் சொன்னார்கள். மறுபடியும் அலறின.

"உள்ளே போறதுக்கு முன்னாடியே வாங்கிட்டு வந்துட்டாரு!" என்றான் ஒருவன். கூட்டம் சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. வெளியே போகும்போது கத்தினால் அது உள்ளே ஒட்டியதாக இருக்கும். உள்ளே வரும்போது கத்துகிறது என்றால், அது வீட்டிலிருந்து வருகிறது. மீட்டரை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

பாதத்தில் ஒன்றுமில்லை. இடது கையில் இல்லை. வலது கை விரல் நுனியில் கொஞ்சம் இருந்தது. சட்டைக் காலரில் அதைவிடக் கூடுதல். காதுக்குப் பின்னால் கொண்டுபோனபோது மீட்டரின் சத்தம் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே இரைச்சலாகிவிட்டது. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் பத்தடி விலகி நின்றார்கள்.

கையுறை போட்டு மெஷினைக் கழற்றிப் பையில் அடைத்தாள். அது போனதும் அவருக்குப் பாதி உலகம் போய்விட்டது. கையைக் காதுக்குக் குவித்துக்கொண்டு அவள் உதட்டையே பார்த்தார். ஒரு படிவத்தின் பின்புறத்தில் பெரிய எழுத்தில் எழுதிக் காட்டினாள்: இதை வீட்டில் வேறு யாராவது தொடுவார்களா?

அவர் படித்தார். இரண்டாவது தடவையும் படித்தார். மெதுவாகத்தான் சொல்ல நினைத்திருப்பார். ஆனால் அது வாசல் முழுக்கக் கேட்டது. "என் பொண்ணுதான் தினமும் துடைச்சுத் தருவா!"

கழுவும் அறையில் அவரை உட்காரவைத்து, வெதுவெதுப்பான தண்ணீரும் சோப்பும் மெல்லிய துணியும் கொண்டு காதுக்குப் பின்னால் துடைத்தாள். அழுத்தித் தேய்க்கக் கூடாது. தேய்த்தால் தோல் கிழிந்து உள்ளே இறங்கிவிடும். துடைத்துப் பார்ப்பது, மறுபடி துடைப்பது. ஏழு முறை ஆயிற்று. அந்தப் பக்கத்து முடியையும் வெட்டி எடுத்தாள். தோல் தக்காளியாகச் சிவந்த பிறகும் மீட்டர் முழுதாக அடங்கவில்லை. மூக்கில் பஞ்சுக் குச்சி விட்டுப் பார்த்ததில் அதிலும் இருந்தது.

வெள்ளிக்கிழமை என்ன நடந்தது என்று அவரே சொன்னார். கழிவுநீர்க் குழாய் ஒன்றை வெட்டிக்கொண்டிருந்தபோது மேலே போன கேபிள் சிக்கி முகமூடியின் பட்டை அவிழ்ந்திருக்கிறது. ஒரு நிமிஷம்தான், இழுத்து மாட்டிக்கொண்டார். வேர்வையில் மெஷின் நழுவியது. கையுறையோடு விரலை விட்டு அதை மேலே தள்ளினார். "நழுவுச்சு டீச்சரம்மா! அவ்வளவுதான்! வேற ஒண்ணும் பண்ணலை!" தப்புப் பண்ணிவிட்டு மாட்டிக்கொண்டவர் போலத் திரும்பத் திரும்ப அதையே சொன்னார்.

மதியம் அவளும் இரண்டு ஆட்களும் அவர் வீட்டுக்குப் போனார்கள். மூன்றாவது மாடியில் இரண்டு அறை. வெள்ளை மேலுடையும் காலுறையும் மாட்டிக்கொண்டு, மஞ்சள் பைகளோடு படியேறும்போதே ஒவ்வொரு மாடியிலும் கதவுகள் திறந்தன. குழந்தைகளை உள்ளே இழுத்துக்கொண்டு மறுபடி கதவைச் சாத்தினார்கள்.

அவர் மனைவி வீட்டிலேயே தையல் வேலை செய்கிறவள். முன்னறையில் தையல் மெஷின், பக்கத்தில் பாதி தைத்த சட்டைகள் குவியலாகக் கிடந்தன. பத்தாவது படிக்கும் மகளைப் பள்ளியிலிருந்து வரவழைத்திருந்தார்கள். சீருடை மாற்றாமல் சுவரோரமாக நின்றிருந்தாள்.

"அப்பாவோட மெஷினை நீதான் சுத்தம் பண்ணுவியாம்மா?" என்று டீச்சர் கேட்டாள்.

"ஆமா ஆன்ட்டி. அப்பாவுக்குக் கை நடுங்கும். சின்னச் சாமானெல்லாம் பிடிக்க வராது."

"எப்படிப் பண்ணுவே? அப்படியே சொல்லு."

"முதல்ல பிரஷ்ல தட்டுவேன். அப்புறம் பஞ்சால துடைப்பேன். உள்ளே அழுக்கு சிக்கியிருந்தா..." அந்தப் பெண் அம்மாவைப் பார்த்தாள். "ஓட்டையில வாயை வச்சு ஊதுவேன்."

பை பிடித்திருந்தவர்களில் ஒருவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "வெள்ளிக்கிழமையும் ஊதினியா?" என்று டீச்சர் கேட்டாள்.

"அன்னிக்குத்தான் ரொம்ப அழுக்கா இருந்துச்சு."

அதற்குப் பிறகு நான்கு மணி நேரம் அந்த வீட்டை அங்குலம் அங்குலமாகப் பார்த்தாள். ஒரு விரல் தூரம், வினாடிக்கு இரண்டு விரற்கடை. அவர் தலையணை கடகடத்தது. துண்டு, சீப்பு, சாய்ந்து உட்காரும் நாற்காலியின் முதுகுப் பக்கம், பஞ்சு வைத்திருந்த டம்ளர், பஞ்சை வெட்டிய தையல் கத்தரி எல்லாம் மஞ்சள் பைக்குள் போயின. கத்தரியோடு இருந்த நான்கு சட்டைகளையும் எடுக்க வேண்டியிருந்தது. மகளின் கையில் பெரிதாக எதுவும் இல்லை. வலது ஆள்காட்டி விரல் நகத்துக்கு அடியில் மட்டும் இருந்தது. அவள் எழுதும் பேனாவிலும், கணக்கு நோட்டின் ஓரத்திலும் கொஞ்சம். டீச்சர் அந்த நகத்தை ஒட்ட வெட்டினாள். நோட்டைப் பையில் போடும்போது, "அதுல முழுப் பாடமும் இருக்கு ஆன்ட்டி" என்றாள் அந்தப் பெண்.

கடைசிப் பையைக் கட்டும்போது அவர் மனைவி கேட்டாள். "வெள்ளிக்கிழமை இவரை யாரு பாத்து வெளியே விட்டது?"

"நான்தான்."

"எவ்வளவு நேரம் பாத்தீங்க?"

டீச்சர் பையின் முடிச்சை இறுக்கினாள்.

"இன்னிக்கு என் வீட்டுச் சுவரை இவ்வளவு மெதுவாப் பாக்குறீங்களே," என்றாள் அவள், குரலை உயர்த்தாமல். "அன்னிக்கு அந்த மனுஷனை இப்படிப் பாத்திருக்கலாமே."

அன்று இரவு தன் வீட்டுக்கு வந்து கைகழுவும் தொட்டி முன்னால் நெடுநேரம் நின்றவளைப் பார்த்துக் கணவர் என்னவென்று கேட்டார். சொன்னாள். "நீ என்ன பண்ணுவே, உன் மேலதிகாரிதானே அவசரப்படுத்தினான்" என்றார். அவளுக்குச் சாதகமாகத்தான் சொன்னார். ஆனாலும் அதை அவளால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

விசாரணை அடுத்த வாரம் என்று முடிவானது. அதற்கு முந்தைய நாள் மேற்பார்வையாளர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். ஒரு வாரத்தில் நான்கு வயது கூடியவர் போல இருந்தார்.

"இங்க பாருங்க டீச்சர். மெஷினைக் கழட்டச் சொன்னேன், அவர் காதுல விழலை, போயிட்டார்னு சொல்லிருங்க. அவருக்குக் காது கேக்காதுன்னு ஊருக்கே தெரியும். யாரும் சந்தேகப்பட மாட்டாங்க. உங்க வேலையும் தப்பும், என் வேலையும் தப்பும்."

"அவர் வேலை?"

"அவருக்கு எப்படியும் போயிரும்" என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டு.

விசாரணையில் மூன்று பேர் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். டீச்சர் நடந்ததை நடந்தபடி சொன்னாள். இயந்திரங்கள் இரண்டும் இல்லாததைச் சொன்னாள். வேலையை நிறுத்தக் கேட்டதைச் சொன்னாள். ஐம்பது நிமிஷத்தில் நாற்பத்தொரு பேரைப் பார்த்த தாளை அவர்கள் முன்னால் வைத்தாள். யாரும் கேட்காத ஒன்றையும் சொன்னாள். "அவர் காதுகிட்ட மீட்டர் கடகடத்துச்சு. நான் கேட்டேன். பீப்பாய் வண்டின்னு நினைச்சு விட்டுட்டேன். கழட்டச் சொல்லிக் கையை நீட்டினேன், அப்புறம் நானே போகச் சொல்லிட்டேன்."

நடுவில் இருந்தவர் அதுவரை எழுதாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அப்போதுதான் பேனாவைத் திறந்தார்.

மூன்று வாரம் கழித்து அறிக்கை வந்தது. இயந்திரப் பழுது, ஆள் பற்றாக்குறை, நேரம் எல்லாம் ஒரு பத்தியில் வந்து ஒரு பத்தியிலேயே முடிந்துவிட்டன. மிச்சம் இரண்டு பக்கமும் அவளைப் பற்றித்தான். எச்சரிக்கை ஒலியைக் கேட்டும் அலட்சியம் செய்தார் என்று அவள் வாயால் சொன்னதையே அவள் தலையில் கட்டியிருந்தார்கள். ஆறு மாதம் இடைநீக்கம். மேற்பார்வையாளரை இன்னொரு வளாகத்துக்கு மாற்றினார்கள். நிர்வாகம் கையைக் கழுவிவிட்டது.

ஸ்பீக்கர் அண்ணனையும் மகளையும் உடம்புக்குள் இருப்பதை அளக்கும் அறையில் படுக்கவைத்துப் பார்த்திருந்தார்கள். அவருக்கு வரம்புக்குக் கீழே, ஆனால் வரம்பை ஒட்டி. இனி உள்ளே போகக் கூடாது என்றார்கள். வெளி வேலை கொடுக்கவும் மறுத்துவிட்டார்கள். அபாயச் சங்கு காதில் விழாத ஆளை எங்கே நிறுத்துவது என்பது அவர்கள் கேள்வி. புதிய காது மெஷினுக்கு எழுதிய விண்ணப்பம் மேஜைக்கு மேஜை நகர்ந்துகொண்டிருந்தது. மகளுக்கு வந்த கடிதத்தில், கவலைப்படும் அளவில் இல்லை என்றும், வருஷத்துக்கு ஒருமுறை வந்து பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் இருந்தது. அதைக் கொடுக்கப் போன நர்ஸ் பிறகு டீச்சரிடம் சொன்னாள், அந்தப் பெண் படித்துவிட்டு நிமிர்ந்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டாளாம். "அப்போ உள்ளே இருக்கு, இல்லையா?"

பள்ளியில் அவள் பக்கத்தில் உட்காரத் தயங்கினார்கள். தாய்க்குத் தையல் கொடுத்தவர்கள் துணியைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார்கள். படியில் எதிரே வருகிறவர்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டு வழி விட்டார்களாம். மரியாதைக்காக விடவில்லை என்று அந்தக் குடும்பத்துக்குத் தெரியாதா என்ன. நான்கு மாதத்தில் வீட்டைக் காலி செய்தார்கள்.

கிளம்பும் நாளை யாரோ சொல்லக் கேட்டு டீச்சர் பஸ் நிலையத்துக்குப் போனாள். என்ன சொல்வது என்று வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள். மூட்டைகளுக்கு நடுவே ஸ்பீக்கர் அண்ணன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மகள் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். டீச்சரைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. "டீச்சரம்மா! வாங்க வாங்க!" என்று கத்தினார். நிலையமே திரும்பிப் பார்த்தது.

"அண்ணே, என்னை மன்னிச்சிருங்க" என்றாள் அவள். "என்னாலதான் எல்லாம். அன்னிக்கு நான் உங்களை நிறுத்தியிருக்கணும்."

பக்கத்தில் ஒரு பஸ் உறுமிக்கொண்டிருந்தது. அவர் கையைக் காதுக்குக் குவித்தார். ஒன்றும் விழவில்லை. "ஆறாம் நம்பர் மேடைதான்! பத்து மணிக்கு எடுக்குறான்!" என்றார். பிறகு, அது பதில் இல்லையோ என்று சந்தேகப்பட்டு மனைவி பக்கம் திரும்பினார். "என்ன சொல்றாங்க?"

அவர் மனைவிக்கு ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருந்தது. டீச்சரின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கணவரின் தோளைத் தொட்டு, அவர் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளும்படி நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "நல்லபடியாப் போயிட்டு வாங்கன்னு சொல்றாங்க."

"ஆகட்டும் டீச்சரம்மா!" என்றார் அவர்.

டீச்சர் மறுபடி சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். பையில் பேனா இருந்தது, எழுதிக்கூடக் காட்டியிருக்கலாம். மகள் தண்ணீர் பாட்டிலோடு வருவதைப் பார்த்துவிட்டு, அவள் வந்து சேர்வதற்குள் கிளம்பிவிட்டாள்.

இடைநீக்கம் முடிந்து அவளை மறுபடி அதே அறைக்குத்தான் அனுப்பினார்கள். வேறு ஆள் கிடைக்கவில்லை. மீட்டரால் பார்க்கும் ஒவ்வொருவருக்கும் அவள் இப்போது ஐந்து நிமிஷத்துக்குக் குறையாமல் செலவழித்தாள். பெட்டி பச்சை காட்டினாலும் ஐந்தில் ஒருவரை நிறுத்திக் கையால் பார்த்தாள். பஸ் காத்திருந்தது. டிரைவர் திட்டினான். வெல்டர்கள் அவள் காதுபடவே ஏசினார்கள். இரண்டு முறை மேலே புகார் போனது. ஒருமுறை ஒரு ஆளின் பெல்ட் கொக்கியில் கண்டுபிடித்தாள். அவன் நன்றி சொல்லவில்லை. பெல்ட் போனதே என்று முனகிக்கொண்டு போனான்.

வருஷாந்தரப் பரிசோதனைக்கு வர வேண்டியவர்களின் பட்டியல் மருத்துவப் பிரிவுச் சுவரில் ஒட்டப்படும். முதல் வருஷம் அந்தப் பெண்ணின் பெயருக்கு நேரே காலியாக இருந்தது. அனுப்பிய கடிதம் முகவரியில் ஆள் இல்லை என்று திரும்பி வந்திருந்தது. இரண்டாவது வருஷமும் காலி. மூன்றாவது வருஷம் பட்டியலை மேலிருந்து கீழே இரண்டு தடவை விரல் வைத்துப் பார்த்தாள். பெயரே இல்லை.

அலுவலகத்தில் போய்க் கேட்டாள். "வராதவங்களை எத்தனை வருஷம் வச்சுக்கிட்டு இருக்கிறது?" என்றார் குமாஸ்தா. "ஃபைலை மூடியாச்சு."

"புது முகவரி கண்டுபிடிக்க முடியாதா?"

"நீங்க அவங்களுக்குச் சொந்தமா?"

"இல்லை" என்றாள்.

அவர் அடுத்த தாளை எடுத்துக்கொண்டார். மணி நான்காகப் பத்து நிமிஷம் இருந்தது. அன்று உள்ளே இருபத்தேழு பேர் இறங்கியிருந்தார்கள். அவள் வெளியேறும் அறைக்குப் போய், மீட்டரில் பேட்டரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கையுறையை மாட்டிக்கொண்டு காத்திருந்தாள்.